ஜ எங்கே வரும்

ஜூன் 5, திங்கள்

காலையில் எழுந்ததும் முதலில் மோட்டாரைப் போட்டேன். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். ஐந்தரைக்கு மேல் எதிர்வீட்டுக்காரரும் போட்டுவிட்டால் எங்கள் குழாயில் காற்றுதான் வரும். தொட்டி நிறைகிற வரைக்கும் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வாத்தியார். இவருக்குப் பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. எழுப்பவில்லை.

ஆபீசில் இன்று பெரிய வேலை முடிந்தது. போன வாரம் மெஞ்ஞானபுரம், உடன்குடி, பரமன்குறிச்சி மூன்று ஊரிலும் எங்கள் அறக்கட்டளை கண் முகாம் நடத்தியது. கண்ணாடி தேவைப்படுகிறவர்கள் மொத்தம் 286 பேர். பேர், ஊர், போன் நம்பர் எல்லாம் நான் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தேன். யாருக்கு என்ன பவர் என்பதை ஞானதுரை அண்ணாச்சி முகாமிலேயே தன் லேப்டாப்பில் அடித்து மெயிலில் அனுப்பிவிட்டார். இரண்டையும் ஒன்றாக்கித் திருநெல்வேலியில் இருக்கும் கண்ணாடிக்கடைக்கு அனுப்ப வேண்டும்.

டோக்கன் நம்பரை வைத்துச் சேர்க்க முடியாது. எங்கள் டோக்கன் புத்தகம் ஒன்றிலிருந்து நூற்றைம்பது வரை அச்சடித்தது. ஒவ்வொரு ஊரிலும் புதுப் புத்தகத்தை ஒன்றிலிருந்து கிழிப்போம். ஆகவே ஏழாம் நம்பர் என்றால் மூன்று பேர் இருப்பார்கள். பல வருஷமாக இப்படித்தான். எப்போதும் பேரை வைத்துத்தான் சேர்ப்பது. அண்ணாச்சி தன் பட்டியலை அகர வரிசையில் அடுக்கி அனுப்பியிருந்தார். நானும் என்னுடையதை அகர வரிசையில் அடுக்கினேன். அதில் 286, இதில் 286. மேலே பத்துப் பேரைச் சரிபார்த்தேன். ஒன்றாக இருந்தது. அடியில் ஐந்து பேர், ஸ்டெல்லா, ஹெலன் எல்லாரும் ஒன்றாக இருந்தார்கள். அவர் பேர்களுக்கு இனிஷியல் போடுவதில்லை, அதனால் பேரை விட்டுவிட்டு வலது கண், இடது கண் இரண்டு பத்தியை மட்டும் எடுத்து என் பட்டியலின் பக்கத்தில் ஒட்டினேன். நான்கு மணிக்குள் அனுப்பியாகிவிட்டது.

நிர்வாகி தவமணி சார் தலையை நீட்டி, முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றேன். புதிதாகச் சேர்ந்த கணக்குப் பிரிவுப் பெண்ணிடம், மேடம் கையில் கொடுத்துவிட்டால் நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்றார். பதினொரு வருஷமாக எல்லாரிடமும் இதைச் சொல்கிறார். கேட்க இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

திரையில் எழுத்தை 140 சதவீதத்துக்குப் பெரிதாக்கி வைத்துத்தான் வேலை செய்கிறேன். என் மேசைக்கு மேல் இருக்கும் ட்யூப் லைட் மங்கிவிட்டது. மாற்றச் சொல்ல வேண்டும்.

ஜூன் 9, வெள்ளி

ட்யூப் லைட் மாற்றினார்கள். பெரிய வித்தியாசம் இல்லை.

ஜூன் 19, திங்கள்

உடன்குடியில் பள்ளிக்கூட வகுப்பறையில் வைத்து எல்லாருக்கும் கண்ணாடி கொடுத்தோம். மூன்று ஊர்க்காரர்களும் அங்கேயே வந்துவிட்டார்கள். நான் பேர் வாசித்து உறையைக் கொடுக்க, அண்ணாச்சி ஒவ்வொருவருக்கும் மூக்கில் சரியாக உட்காருகிறதா, காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா என்று பார்த்து மாட்டிவிட்டார். அவருக்கு ஐம்பத்தேழு வயது. கண் பவர் பார்க்கும் வேலையில் இருபத்தாறு வருஷம். மைக்கில் ஒரே ஒரு பேச்சுத்தான் அவருக்குத் தெரியும். அதை இன்றும் பேசினார்.

"புதுக் கண்ணாடி புதுச் செருப்பு மாதிரி. மொதல்ல கடிக்கத்தான் செய்யும். தலை சுத்தும், தரை மேல வார மாதிரி இருக்கும். கழத்தி வச்சிராதிய. பத்து நாளு விடாமப் போடுங்க. பழகிரும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். பரமன்குறிச்சிப் பெரியவர் ஒருவரிடம் வாசிக்கச் சொல்லி அட்டையை நீட்டினேன். அதை வாங்காமல் தன் ரேஷன் கார்டை எடுத்து, கண்ணாடி வழியாகப் பார்த்து, பேர், தகப்பனார் பேர், கதவிலக்கம், தெரு என்று கடகடவென்று வாசித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். புகைப்படம் எடுத்தோம். மனப்பாடமாகத் தெரிந்ததைத்தான் வாசித்தாரோ என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. சிரித்துக்கொண்டேன்.

ஜாக்கெட் தைக்கும் ஜெபக்கனி என்ற பெண் கண்ணாடியைப் போட்டுத் தன் உள்ளங்கையை விரித்து ரொம்ப நேரம் பார்த்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்குக்கா" என்றாள். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

ஜூன் 23, வெள்ளி

நான்கு போன். தலை சுற்றுகிறதாம். பத்து நாள் ஆகட்டும் என்று சொன்னேன்.

சாயங்காலம் மழை வரும் போலிருந்தது, வடாம் காயவில்லை.

ஜூன் 28, புதன்

இதுவரை பதினேழு பேர். பத்து நாள் முடிய இன்னும் ஒருநாள் இருக்கிறதே என்று நானே ஆறு பேரிடம் சொல்லிவிட்டேன். அவர்களும் "சரிக்கா, நாளைக்கும் போட்டுப் பாக்கேன்" என்கிறார்கள். திட்டுகிறவர்கள் யாருமில்லை. இனாமாகக் கொடுத்ததைக் குறை சொன்னால் அடுத்த முறை கூப்பிடமாட்டார்கள் என்று நினைக்கிறார்களோ என்னவோ. மெஞ்ஞானபுரத்தில் ஒரு அம்மாள், கண்ணாடி அருமையாக இருக்கிறது, ஆனால் அதைப் போட்டுக்கொண்டு அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை, கழற்றிவிட்டுப் பொறுக்கலாமா என்று அனுமதி கேட்டார்.

தவமணி சார் எங்களை உள்ளே கூப்பிட்டார். பவர் பார்த்தது யார் என்று கேட்டார். அவருக்குத் தெரியாததில்லை. நான்தான் சார் என்றார் அண்ணாச்சி. ஒரு ஊருக்கு ஒரு நாளில் நூறு பேரைப் பார்ப்பது உங்கள் வயசுக்கு அதிகமோ என்று சார் மெதுவாகத்தான் கேட்டார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. அண்ணாச்சி வலது கையை நீட்டி விரல்களைப் பார்த்தார். நடுங்கவில்லை. நானும் பார்த்தேன்.

ஜூலை 1, சனி

ஜெபக்கனி ஆபீசுக்கே வந்துவிட்டாள். உடன்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறி. கண்ணாடியைத் துடைத்து உறைக்குள் போட்டு என் மேசைமேல் வைத்தாள்.

"இது வேற யாருக்காவது ஆகும்னா குடுத்திருங்கக்கா. சும்மா வீட்ல கெடந்து என்ன செய்ய."

"ஏன், என்ன ஆச்சு?"

"என் கண்ணுதான் கண்ணாடிக்கு அடங்கலை. பன்னெண்டு நாளு விடாமப் போட்டுப் பாத்துட்டேன்."

பையிலிருந்து ஒரு ஜாக்கெட்டை எடுத்துக் காட்டினாள். கை வெட்டு கோணலாகி, ஒரு தோள் மேலேயும் ஒரு தோள் கீழேயுமாக இருந்தது. கல்யாண ஜாக்கெட்டாம். அவளுக்கு முப்பத்தொன்பது வயது. பதினாறு வயதிலிருந்து தைக்கிறாள். கண்ணாடி போட்டும் தெரியவில்லை என்றால் இனிமேல் தெரியப்போவதில்லை என்று நினைத்து, கையில் இருந்த துணிகளையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். மிஷினைத் தம்பி பெண்டாட்டி எடுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறாள். இதையெல்லாம் அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அண்ணாச்சி அவளை உட்காரவைத்து மறுபடி பார்த்தார். பிறகு அவள் கண்ணாடியை லென்ஸ் பவர் காட்டும் மெஷினில் வைத்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். அவளுக்கு வேண்டியது பிளஸ் இரண்டு. கண்ணாடியில் இருந்தது மைனஸ் ஒன்றரை. கடைக்காரர் தப்பாகப் போட்டிருப்பார் என்று நான் அனுப்பிய பட்டியலை எடுத்தோம். பட்டியலிலேயே மைனஸ் ஒன்றரைதான்.

"நான்தான் மாத்தி அடிச்சிருக்கேன் போலுக்கு" என்றார். அதற்குப் பிறகு அவளைப் பார்த்து, "எம்மேல தப்பும்மா. உங்கண்ணு நல்லா இருக்கு" என்றார்.

உங்கள் லேப்டாப்பில் ஒருமுறை பார்த்துவிடலாமே என்று கேட்டேன். அதில் என்ன பார்க்க, நீ அனுப்பினால் அது சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து ஒரு கிலோ பூண்டு உரித்தேன்.

ஜூலை 3, திங்கள்

மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது அண்ணாச்சி அனுப்பிய மெயிலைத் திறந்து பார்த்தேன். ஜெபக்கனி: பிளஸ் 2, பிளஸ் 2.

அவர் சரியாகத்தான் அடித்திருக்கிறார்.

மூடிவிட்டேன். மதியம் முகாம் அறிக்கை தட்டச்சு செய்தேன். இங்கே பொடி எழுத்தில் அச்சடித்த படிவம் கொடுத்து நிரப்பச் சொல்கிறார்கள். கையை நீட்டித் தூரத்தில் பிடித்தால்தான் வாசிக்க முடிகிறது. யார் இப்படி அச்சடிக்கிறார்களோ.

ஜூலை 4, செவ்வாய்

நேற்று எழுதாமல் விட்டதை எழுதுகிறேன்.

அவர் பட்டியலில் ஜெபக்கனி இருந்த இடம் 251. என் பட்டியலில் 126. ஒரே 286 பேர், இரண்டும் அகர வரிசை. நான் முதலில் நம்பவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மெதுவாகக் கீழே இறக்கினேன். அ முதல் ச வரை 118 பேர் ஒன்றாகத்தான் வந்தார்கள். பிறகு ஆபீஸ் கம்ப்யூட்டர் ச முடிந்ததும் ஜ வைத்திருக்கிறது. ஜான்சி, ஜெபக்கனி, ஜெயராணி, ஜோஸ்பின், இப்படி 31 பேர். எங்கள் பக்கத்தில் ஜ பேருக்குக் குறைவில்லை. அண்ணாச்சியின் லேப்டாப் ச முடிந்ததும் ஞானம், தங்கதுரை என்று நேராகப் போய், வ வரைக்கும் முடித்துவிட்டு, அதன்பிறகுதான் ஜ வைத்திருக்கிறது. அதற்கும் பின்னால் ஸ, ஹ. ஸவும் ஹவும் இரண்டிலும் கடைசிதான். அதனால்தான் அடியில் நான் பார்த்த ஐந்து பேரும் சரியாக இருந்திருக்கிறார்கள்.

ஜெபக்கனிக்குப் போனது ஒரு தங்கதுரையின் பவர். தங்கதுரைக்குப் போனது நட்டார் அம்மாளின் பவர். கடைசியில் வேலம்மாளுக்கு ஜோஸ்பினின் பவர். நடுவில் இருக்கும் 156 பேரும் யார் யாருடைய கண்ணாடியையோ பத்து நாள் விடாமல் போட்டுப் பழகியிருக்கிறார்கள். சிலருக்கு அதிர்ஷ்டத்தில் கிட்டத்தட்டப் பொருந்தியிருக்கும்.

எனக்கு ஒன்றாம் வகுப்பில் கற்றுக்கொடுத்த வரிசையில் ஜ இல்லை. தனியாக, ஓரத்தில், வடமொழி எழுத்து என்று டீச்சர் பிறகு எழுதிப்போட்டார். எங்கே வைப்பது என்று யாரும் சொல்லவில்லை. இந்தக் கம்ப்யூட்டரைச் செய்தவர்கள் ஓரிடத்தில் வைத்திருக்கிறார்கள், அந்தக் கம்ப்யூட்டரைச் செய்தவர்கள் வேறிடத்தில். இரண்டு பேர் மேலும் குற்றம் சொல்ல முடியாது.

நான் பி.எஸ்சி. புள்ளியியல் படித்தவள். மாதிரி எடுக்கும்போது நடுவிலிருந்தும் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 5, புதன்

முதலில் கண்ணாடி சரியாக வேண்டும். மற்றது பிறகு. அண்ணாச்சியின் மெயிலில் இருந்த சரியான பவரை ஒவ்வொரு பேராகப் பார்த்து (கையால், ஸ்கேல் வைத்து) புதுப் பட்டியல் தயார் செய்தேன். மூன்று மணி நேரம் ஆயிற்று. தலைவலி.

தவமணி சாரிடம் கொண்டுபோய், 156 பேருக்கு மாற்ற வேண்டியிருக்கிறது என்றேன். சரியான பவர் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்காமலே கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவை மூடாமல் பட்டியலைப் புரட்டினார்.

"நூத்தி அம்பத்தாறா? ஒரு மனுஷன் பாதிக்கு மேலயா தப்பாப் பாத்திருக்காரு?"

நான் வாயைத் திறந்தேன். அப்போது டீ வந்துவிட்டது. சார் டீயை வாங்கிக்கொண்டு, பாவம், இவ்வளவு நாள் நன்றாகத்தானே பார்த்தார், இனி முகாமுக்கு அனுப்ப வேண்டாம், திருநெல்வேலியிலிருந்து வேறு ஒருவரை வரச்சொல்கிறேன் என்றார். என்னைப் பார்த்து, உங்கள் காண்டிராக்ட்டைப் புதுப்பிக்கும் பேப்பரும் இந்த மாசம் வருகிறது, அதில் நான் பார்க்க வேண்டியது எதுவுமில்லை என்றார்.

நல்ல டீ. ஏலக்காய் போட்டிருந்தார்கள்.

ஜூலை 7, வெள்ளி

அண்ணாச்சி இரண்டு நாளாகக் காலையில் ஒன்பது மணிக்கு முன்பே வந்துவிடுகிறார். எழுத்து அட்டையை மாட்டி, விளக்கைப் போட்டு, ஆபீசில் இருக்கிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பவர் பார்க்கிறார். பெருக்குகிற மாரியம்மாளுக்குப் பார்த்தார். கணக்குப் பெண்ணுக்குப் பார்த்தார். அவளுக்கு ஏற்கெனவே கண்ணாடி உண்டு. தான் கண்டுபிடித்ததை அவள் கண்ணாடியோடு ஒத்துப்பார்க்கத்தான். ஒத்துப்போயிற்று. அப்படியும் அவர் முகம் தெளியவில்லை.

இன்று என்னைக் கூப்பிட்டார். எனக்கு ஒன்றுமில்லை அண்ணாச்சி, வேலை கிடக்கிறது என்றேன். விடவில்லை. அந்தக் கனமான ஃப்ரேமை மூக்கில் மாட்டி லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டார். கையில் அட்டையைக் கொடுத்து, கடைசி வரி என்றார். தெரியவில்லை. ஒரு லென்ஸ் போட்டார். தெரிந்தது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, கறுப்பாக.

"ஒண்ணே முக்கால். எவ்வளவு நாளா இப்படி இருக்கு சொர்ணம்?"

வெளிச்சம் போதவில்லை என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சீட்டில் எழுதினார். எழுதியதைக் கிழித்துக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"எதுக்கும் நீ வெளிய ஒருத்தர்ட்ட காட்டிக்கம்மா. என் கணக்கை நம்பாண்டாம்."

ஒண்ணே முக்கால் சரியாகத்தான் இருக்கும்.

ஜூலை 9, ஞாயிறு

கோழிக் குழம்பு. இவருக்குப் பிடித்த மாதிரி. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, எங்கள் ஆபீசில் ஒருவர் தப்புச் செய்துவிட்டார், பழி இன்னொருவர் மேல் விழுந்துவிட்டது என்று சொன்னேன். யார் என்று கேட்டார். உங்களுக்குத் தெரியாது என்றேன். என்ன தப்பு என்றார். கம்ப்யூட்டர் இரண்டு மாதிரி அடுக்கியதைச் சொன்னேன்.

"அப்பறம் என்ன? மெஷின் தப்புன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே. மெஷினுக்கு என்ன மானமா, மரியாதையா."

"சொன்னா நம்புவாங்களா?"

"கம்ப்யூட்டர்னு சொன்னா நம்ம ஊர்ல எதையும் நம்புவான்."

இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார். ஊற்றினேன். உண்மையிலேயே சொல்லலாம். பொய்யும் இல்லை. கம்ப்யூட்டர் மாற்றித்தான் அடுக்கியது.

ஜூலை 12, புதன்

ஒன்றும் சொல்லவில்லை. சாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 17, திங்கள்

உடன்குடியில் மாற்றுக் கண்ணாடி கொடுத்தோம். அண்ணாச்சி வரவில்லை. திருநெல்வேலியிலிருந்து வந்தவர் மாட்டிவிட்டார். தவமணி சாரே வந்து மைக் பிடித்து, பவர் பார்த்ததில் வயதான ஊழியர் ஒருவரால் தவறு நேர்ந்துவிட்டது, வருந்துகிறோம் என்றார். பேர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. மூன்று ஊரிலும் பவர் பார்த்தவர் ஒருவர்தானே. கூட்டத்தில், பாவம், நல்ல மனுஷர் என்று யாரோ சொன்னது எனக்குக் கேட்டது. நான் அடுத்த பேரை வாசித்தேன்.

ஜெபக்கனி கண்ணாடியைப் போட்டாள். சேலைத் தலைப்பில் குத்தியிருந்த ஊசியை உருவி, நூலை எச்சில்படுத்தி, ஒரே முறையில் கோத்தாள். அழுதுவிட்டாள். மிஷின் போய்விட்டதா என்று கேட்டேன். இல்லை, தம்பி பெண்டாட்டி ஆடி கழிந்து எடுத்துக்கொள்கிறேன் என்றிருந்தாளாம், இனித் தரமாட்டேன் என்றாள். பிறகு சுற்றிப் பார்த்தாள்.

"அந்த அண்ணாச்சி வரலியாக்கா?"

"இல்ல."

"அவர் மேல தப்பு இருக்காது. முகாம் அன்னைக்கு ஒரு கனத்த ஃப்ரேம் மாட்டிவிட்டாருல்லா, அதுல எனக்கு எல்லாம் தெரிஞ்சிச்சி. எம்ப்ராய்டரி நூலு எத்தனை இழைன்னு எண்ணுனேன். அவரும் அதைத்தான் லேப்டாப்ல அடிச்சாரு, நான் பாத்தேன். வேற எங்கயோதான் மாறிருக்கு. நீங்க சொல்லுங்கக்கா அவங்கட்ட."

சொல்கிறேன் என்றேன். என் பின்னால் தவமணி சார் நின்றுகொண்டிருந்தார். அவளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னேன், வரிசை காத்திருக்கிறது என்று.

ஜூலை 19, புதன்

மதியம் அண்ணாச்சி என் மேசைக்கு வந்து, ஒரு கடிதம் அடித்துத்தர வேண்டும் என்றார். தனக்கு வேகமாக அடிக்க வராது, நான்தானே எல்லாருக்கும் அடித்துத் தருகிறேன் என்றார். எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.

மதிப்புக்குரிய நிர்வாகி அவர்களுக்கு. இருபத்தாறு ஆண்டுகளாக இந்த அறக்கட்டளையில் பணிபுரிந்து வருகிறேன். சமீபத்தில் நடந்த மூன்று முகாம்களில் என் கணிப்பில் ஏற்பட்ட பிழைகளால் 156 பேர் சிரமப்பட நேர்ந்தது.

அந்த இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. என்னம்மா என்றார். "பிழைகளால்" என்று போட வேண்டுமா அண்ணாச்சி, வயது காரணமாக விலகுகிறேன் என்று மட்டும் இருந்தால் போதாதா என்றேன்.

"இல்லம்மா. நடந்ததை எழுதணும். நூத்தி அம்பத்தாறு பேரு பத்து நாளு தலை சுத்திக்கிட்டுக் கெடந்திருக்காவ, நான் சொன்னேன்னு. செருப்பு கடிக்கும்னு மைக்ல சொன்னது நான்லா."

அடித்தேன். இனி பிறர் கண்ணுக்குப் பொறுப்பேற்கும் தகுதி எனக்கில்லை என்று உணர்ந்து, வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழுக் கூட்டத்தில் என்னை விடுவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கீழே பேர். ஞ வில் தொடங்கும் பேர்.

பிரிண்ட் எடு என்றார். பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது என்றேன். தீரவில்லை. நேற்றுத்தான் போட்டது. நாளைக்கு எடுத்துத் தருகிறேன் என்று சொன்னதும், சரி, வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் போதும் என்று எழுந்துபோய் எழுத்து அட்டையைக் கழற்றித் தூசி தட்டினார். துணியால் துடைத்தார். மறுபடியும் மாட்டவில்லை. சுவர் ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டார்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நின்றுகொண்டே வந்தேன்.

ஜூலை 20, வியாழன்

எல்லாரும் கிளம்பின பிறகு பிரிண்ட் எடுத்தேன். அண்ணாச்சியின் கடிதம் இல்லை. இரண்டு பட்டியல். என்னுடையது எட்டுப் பக்கம், அவருடையது எட்டுப் பக்கம். அவருடைய பட்டியலை மெயிலில் வந்த தேதியோடு எடுத்தேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 119ஆம் வரியில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டேன். 274இல் ஒரு கோடு. கோடுகளுக்கு நடுவே இருக்கிறவர்கள்தான் அந்த 156 பேர். யார் பார்த்தாலும் ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும். இத்தனை நாள் இந்த ஒரு நிமிஷத்துக்காகவா இவ்வளவும் என்று இருக்கிறது.

இவருடைய யோசனையை மறுபடி நினைத்துப் பார்த்தேன். கம்ப்யூட்டர் மாற்றி அடுக்கிவிட்டது என்று சொன்னால் குழுவில் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்பார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகாது. அண்ணாச்சி பேர் தெளிந்துவிடும், என் பேரும் கெடாது. காண்டிராக்ட்டும் வந்துவிடும். நல்ல யோசனைதான். ஆனால் அதைச் சொல்லிப் பார்த்தால், ஜூன் ஐந்தாம் தேதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் எங்கே போனாள் என்று தெரியவில்லை. பேர்ப் பத்தியை விட்டுவிட்டு எண்களை மட்டும் எடுத்தது கம்ப்யூட்டர் இல்லை. நடுவில் பார்க்காமல் விட்டதும் அது இல்லை. எழுத்து மங்கலாக இருந்தது, கண் வலித்தது, நாலு மணிக்குள் முடிக்க வேண்டும் என்றிருந்தது. கண்ணாடி கொடுக்கிற இடத்தில் வேலை பார்த்துக்கொண்டு, எனக்குக் கண்ணாடி வேண்டும் என்று சொல்ல வெட்கப்பட்டேன். ஜூலை மூன்றாம் தேதிக்குப் பிறகு நடந்ததற்கு அந்தக் காரணம்கூடக் கிடையாது. அன்றைக்கு எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

இன்று இரவுச் சாப்பாட்டுக்கு உப்புமா போதும் என்றார் இவர். கிளறி வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். முன்னறையில் செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு என்ன விசேஷம், நல்ல சேலையை எடுத்து வைத்திருக்கிறாய் என்று கேட்டார். கூட்டம் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

நாளை பதினொரு மணிக்கு அண்ணாச்சியும் இருக்கும்போது இரண்டு பட்டியலையும் மேசைமேல் வைக்கப்போகிறேன். ஒட்டியது நான், மூன்றாம் தேதியே கண்டுபிடித்துவிட்டுப் பதினெட்டு நாள் பேசாமல் இருந்ததும் நான் என்று சொல்லப்போகிறேன். என்னை வைத்துக்கொள்வதும் அனுப்புவதும் அவர்கள் இஷ்டம். அதற்கு முன் நான் கேட்கப்போவது ஒன்றுதான். அவர் பேரை மூன்று ஊருக்கு நடுவில் வைத்துத்தான் கெடுத்தோம், நான்கு சுவருக்குள் திருத்தினால் போதாது. ஞாயிற்றுக்கிழமை மெஞ்ஞானபுரம், உடன்குடி, பரமன்குறிச்சி மூன்று இடத்துக்கும் போய், அதே மைக்கில், என் பேரைச் சொல்லி நானே பேசுவேன். அனுமதி கொடுக்காவிட்டாலும் போவேன். பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துவிட்டேன்.